மாணவர் கடனைக் கட்டத் தொடங்குவதா, இன்னொரு வருடம் தள்ளிப்போடுவதா?

படுவான்கரையான்:
உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடமும் சித்தி. இசட் புள்ளிதான் பல்கலைக்கழகத்துக்கு எட்டவில்லை. 2017 இல் அரசு தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடன் திட்டத்தில் 8 இலட்சம் ரூபா பெற்று, கொழும்பில் தனியார் நிறுவனமொன்றில் பட்டம் முடித்தேன். சலுகைக் காலம் கழிந்ததும் மாதம் 9,500 ரூபா வீதம் ஆறு தவணை கட்டினேன். பிறகு வேலை போனது. கடிதம் கொடுத்து இரண்டு முறை ஒத்திவைத்திருக்கிறேன். இரண்டாவது ஒத்திவைப்பும் அடுத்த மாதம் முடிகிறது.

இப்போது செங்கலடியில் ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதுகிறேன். சம்பளம் 58,000. சீட்டு விழுந்து 3 இலட்சம் கையில் இருக்கிறது.

அம்மாவின் காப்புச் சோடியும் அட்டியலும் அடகில் இருக்கின்றன. 2021 இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்களே, அந்தப் பெரும்போகத்தில் வயல் கைவிட்டபோது வைத்தவை. வருடாவருடம் வட்டியைக் கட்டி மறுபடி வைக்கிறார். மீட்க 2 இலட்சத்து 60 ஆயிரம் வேண்டும். அடகுத் துண்டு சுவாமித் தட்டில் திருநீற்றுக் குடுவைக்குக் கீழே கிடக்கிறது; மடித்து மடித்து நடுவில் கிழிந்ததைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருக்கிறார்.

மாணவர் கடனுக்குப் பிணை நின்றவர் மாமா. கல்லடியில் வீடு கட்ட அவரும் கடன் கேட்கப் போகிறாராம். கொக்கட்டிச்சோலைத் தேரன்று கண்டேன். கடனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, "சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

எதை முதலில் அடைப்பது?

கணக்குப்பிள்ளை:
தம்பி, வட்டியில்லாக் கடனை முந்திக்கொண்டு அடைப்பதில் ஒரு சதமும் மிச்சமில்லை. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. நீங்கள் கடன் எடுத்த காலத்தில் 8 இலட்சத்துக்கு வாங்கிய பொருளை இன்று வாங்கப் போனால் தெரியும், யாருக்கு இலாபம் என்று. அடகு வட்டியோ தூங்குவதில்லை. நகையை மீளுங்கள்; மூன்றாவது கடிதத்தையும் கொடுத்துப் பாருங்கள்.

கல்முனை அக்கா:
நகையை மீட்கச் சொன்னது சரி. மூன்றாவது கடிதம் வேண்டாம். வங்கிக் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள் சொல்கிறேன்: பிணை நின்றவரின் கிரிப் அறிக்கையில், அதாவது கடன் தகவல் பணியகம் தரும் கடன் வரலாற்றில், உங்கள் கடனும் நிற்கும். மாமா வீட்டுக் கடன் கேட்டால் அதிகாரி முதலில் திறப்பது அந்த அறிக்கையைத்தான். தவணை ஓடிக்கொண்டிருந்தால் பேச்சில்லை. நின்றிருந்தால் கேள்வி மாமாவிடம்தான் போகும், உங்களிடம் அல்ல.

சீட்டுக் காசில் நகை, சம்பளத்தில் தவணை. மிஞ்சும் 40,000 ஐத் தொடாமல் வங்கியில் போடுங்கள். முதல் நான்கு தவணை அதிலிருந்தே போகட்டும். ஐந்தாவது மாதம் வலிக்கும்தான். அதற்குள் கைச்செலவைக் குறைக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

மருதமுனைத் தறி:
அக்கா சொன்னதைச் செய்யுங்கள், ஆனால் முதலில் மாமாவிடம் போங்கள். என் மச்சானுக்குப் பிணை நின்றேன். அவன் கட்டவில்லை என்பது வங்கிக் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அந்த நோன்புப் பெருநாளுக்கு அவன் வீட்டுப் படி ஏறவில்லை.

படுவான்கரையான்:
நேற்று மாமா வீட்டுக்குப் போனேன். ஒத்திவைத்த இரண்டு கடிதங்களின் பிரதியையும் அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்து, இரண்டையும் முழுதாக வாசித்தார். "இதை நீ போன வருடமே காட்டியிருக்கலாம்" என்றார். பிறகு மாமி சோறு போட்டார்.

வியாழன் அம்மாவும் நானும் வங்கிக்குப் போகிறோம். துண்டை இப்போதே பொலித்தீன் உறையில் போட்டுவிட்டார். பஸ்ஸில் மழை பிடித்தால் பசை விட்டுவிடுமாம்.