சைக்கிள் நெடும்பயணத்தில் துணைக்கு வந்தவரோடு பட்ட பாடு: உங்கள் அனுபவம் என்ன?

கொங்குச் சக்கரம்:

இமயமலையில் மணாலி–லே பாதையில் சைக்கிள் ஓட்டியவர்களுக்குச் சர்ச்சு எப்படிப்பட்ட இடம் என்று சொல்லத் தேவையில்லை. ஏறத்தாழ 4,290 மீட்டர் உயரம். இரு பக்கமும் அதைவிட உயர்ந்த கணவாய்கள். அங்கே ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால், வந்த வழியே கீழே உள்ள கேலாங் ஊர்ப் பக்கம் திரும்பினாலும் முதலில் 4,800 மீட்டருக்கு மேல் உள்ள பாரலாச்சா லா என்ற கணவாயை ஏறிக் கடந்துதான் இறங்க முடியும்.

என்னுடன் வந்தவர் கல்லூரிக் காலத்து நண்பர். முந்தைய இரவு சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தார்; பருப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். காலையில் பைகளைக் கேரியரில் கட்டிவிட்டுக் கிளம்ப நின்றபோது நான் கண்டதுதான் இன்னும் கண்ணை விட்டு அகலவில்லை. ஹெல்மெட்டின் தாடைப் பட்டையைப் பூட்ட முயன்றார். கொக்கி ஒரு கையில், அது நுழைய வேண்டிய வளையம் மறு கையில். இரண்டும் ஒன்றையொன்று தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. கையுறையைக் கழற்றிவிட்டு முயன்றார், அப்போதும் முடியவில்லை. பட்டை தொங்கியபடியே என்னைப் பார்த்து, "போகலாமா?" என்று கேட்டார்.

ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன். சில அடிகளிலேயே பக்கவாட்டில் சாய்ந்தார். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய் மூளையைப் பாதிக்கத் தொடங்கினால் நடை தடுமாறும் என்று படித்திருந்ததால், கேலாங் நோக்கிச் சென்ற ஒரு பிக்கப் வண்டியை நிறுத்தி இரண்டு சைக்கிள்களையும் ஏற்றினேன். வண்டியில் ஏற மாட்டேன் என்று அவர் என்னோடு சண்டையிட்டார். பாரலாச்சாவைக் கடக்கும் வரை அவர் முகத்தை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. தார்ச்சா வரை இறங்கிய பிறகு அவரே தேநீர் வேண்டும் என்றார். கேலாங் மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள், தேறிவிட்டார்.

ஆனால் இன்றும் அவர், "அந்த மலையை நான் ஏறியிருப்பேன், நீதான் விடவில்லை" என்கிறார். அந்தச் சொல் எனக்குள் அறுத்துக்கொண்டே இருக்கிறது.

நாஞ்சில் வழி:

எங்களுக்கு நேர்ந்தது மலையில் அல்ல, சமவெளியில். மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்கு நானும் என் சித்தி மகளும் சென்றோம். ஆனி மாதம். பணகுடியைத் தாண்டியதும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று வலப்பக்கத்தில் அறையத் தொடங்கியது. முப்பந்தலில் காற்றாலைகளைச் சும்மா நிறுத்தி வைக்கவில்லை என்று அங்கே சைக்கிள் ஓட்டியவர்களுக்குத் தெரியும். நேராகப் போக வேண்டுமானால் சைக்கிளை வலப்புறம் காற்றுக்குள் சாய்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும்.

அப்போது ஒரு கன்டெய்னர் லாரி அவளை முந்தியது. லாரியின் உடல் காற்றை மறைத்த அந்த நொடியில், சாய்ந்திருந்த சைக்கிளைத் தாங்க எதுவும் இல்லாமல் அவள் லாரியின் பக்கமாகவே சரிந்தாள். பின்சக்கரத்துக்கும் அவள் தோளுக்கும் இடையே ஒரு முழ இடைவெளிதான் இருந்தது. லாரி கடந்ததும் காற்று திரும்பவும் அடித்து அவளை இடப்புற மண்ணில் தள்ளியது. முழங்கையில் சிராய்ப்பு, வேறு ஒன்றும் இல்லை. எழுந்து நின்று, "அக்கா, இனி நான் உருட்டிக்கொண்டுதான் வருவேன்" என்றாள். காவல்கிணறு வரை இருவரும் உருட்டிக்கொண்டே நடந்தோம். அதன் பிறகு அவள் நெடுஞ்சாலையில் சைக்கிள் ஏறவே இல்லை. எவ்வளவு நன்றாக ஓட்டுகிறவள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் தாங்கவில்லை.

பழைய கேரியர்:

நான் லடாக்கில் பாங் அருகே செயின் அறுந்து, உடன் வந்தவரோடு வாய்ச்சண்டை போட்டு, இருவரும் தனித்தனிக் கூடாரத்தில் தூங்கியவன், மறுநாள் சமாதானமாகிவிட்டோம். அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வந்தேன்.

கொங்குச் சக்கரம் நண்பர் தம் தோழரின் பிடிவாதத்தைப் பற்றி எழுதுகிறார். பிழை பிடிவாதத்தில் இல்லை, பயணத் திட்டத்தில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்பதே மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. சர்ச்சுவுக்கு முன் பலரும் தங்கும் ஜிஸ்பா ஊர் ஏறத்தாழ 3,200 மீட்டர். அங்கிருந்து சர்ச்சுவுக்கு 1,000 மீட்டருக்கு மேல் வித்தியாசம். பகலில் எவ்வளவு உயரம் ஏறினோம் என்பதைவிட இரவில் எங்கே படுத்தோம் என்பதே முக்கியம். உயர நோயைத் தடுக்க அசெட்டசோலமைடு மாத்திரையை முன்கூட்டியே எடுப்பது உதவும். ஆனால் சல்பா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. தலைவலி மாத்திரை போட்டு வலியை அமுக்கிக்கொண்டு மேலே ஏறுவது எல்லாவற்றிலும் மோசம். கிளம்பும் முன்பே இருவரும் உட்கார்ந்து, யாருக்கு எந்த அறிகுறி வந்தால் திரும்புவது என்று எழுதி வைத்துக்கொண்டால் இந்தச் சண்டையே வராது.

நாஞ்சில் வழி சகோதரிக்கும் ஒன்று: ஆனி, ஆடியில் அந்தப் பாதையில் விடியற்காலையிலேயே பணகுடியைக் கடந்துவிடுங்கள். பக்கக் காற்று அடிக்கும்போது லாரி நெருங்கும் ஓசை கேட்டால், அது பக்கத்தில் வரும் முன்பே வேகத்தைக் குறைத்து ஓரத்தில் நின்றுவிட வேண்டும்.

கடலோரப் பாதை:

பழைய கேரியர் ஐயா சொல்லும் கணக்கெல்லாம் சரி. ஆனால் நான் மறுபக்கத்தில் இருந்தவன், என்னைத்தான் திருப்பி அனுப்பினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில், கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே, கத்திரி வெயிலில் எனக்கு வியர்வை நின்றுபோய்த் தோல் காய்ந்து கொதித்தது. என் நண்பர் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் ஒரு குட்டி யானை வண்டியை நிறுத்தி, என்னைச் சைக்கிளோடு ஏற்றி, முகத்தில் ஈரத்துண்டைப் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். வெப்பத் தாக்கு என்று சொன்ன மருத்துவர், இன்னும் சிறிது நேரம் ஓட்டியிருந்தால் ஆபத்தாகியிருக்கும் என்றார். உயிரைக் காப்பாற்றினார் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஓட்டுநரிடம் அவர், "இவரை ஏற்றிக்கொள்ளுங்கள், இவருக்கு ஒன்றும் தெரியாது" என்று சொன்ன குரல் காதிலேயே இருக்கிறது. கொங்குச் சக்கரம் நண்பரே, நீங்கள் உங்கள் தோழரிடம் கேட்டீர்களா?

கொங்குச் சக்கரம்:

பழைய கேரியர் ஐயா, ஜிஸ்பாவில் ஓய்வெடுத்துவிட்டு, இடையில் ஜிங்ஜிங்பாரிலும் தங்கித்தான் சர்ச்சுவுக்கு வந்தோம். ஒரே பாதையில், ஒரே வேகத்தில், ஒரே சோற்றைச் சாப்பிட்டு வந்த இருவரில் எனக்குத் தலைவலிகூட வரவில்லை. யாரைப் பிடிக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நல்ல உடற்கட்டு உள்ளவர்களுக்கு வராது என்பதும் உண்மையல்ல.

கடலோரப் பாதை நண்பரே, கேட்டேன். வண்டியை நிறுத்துவதற்கு முன் அவரைச் சாலையோரத்தில் உட்கார வைத்து, கீழே இறங்கிவிடலாமா என்று கேட்டேன். "பாரலாச்சா இன்னும் கொஞ்ச தூரம்தானே, மதியத்துக்குள் ஏறிவிடலாம்" என்றார். பாரலாச்சாவை நாங்கள் முந்தைய நாளே கடந்து வந்திருந்தோம். உச்சியில் கொடிகளுக்குக் கீழே நின்று படமும் எடுத்திருந்தோம். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. இப்படிச் சொன்னது அவருக்கு நினைவில் இல்லை. நானும் இதுவரை அவரிடம் சொன்னதில்லை.