ஒரே மதிப்பெண்ணும் ஆரூர்த் தேர்வடமும்

வெண்ணாற்றங்கரை:
குழுத் திட்டப்பணியில் நால்வருக்கும் ஒரே மதிப்பெண் அளிப்பதே நியாயம், ஆரூர்த் தேரை ஊர் கூடித்தானே இழுக்கிறது என்று அரசலாற்றுக்காரர் நேற்று எழுதியதைப் படித்தபின் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. என் வகுப்பின் பாசன ஆய்வுக்காக, விடியற்காலையில் மதகடியில் நின்று இருபது நாள் நீர்மட்டம் குறித்தவள் ஒரே மாணவி. அட்டையிலோ நான்கு பெயர்கள், அகரவரிசையில் அவள் பெயர் கடைசி. வடத்தைப் பற்றியே பேசுவோம். பிரெஞ்சுப் பொறியாளர் ரிங்கல்மான் ஆட்களைக் கயிறிழுக்க வைத்து அளந்து 1913இல் வெளியிட்ட கணக்கின்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரிடமிருந்தும் கிடைத்தது அவரவர் தனி வலிமையில் ஏறக்குறையப் பாதிதான்.

அரசலாற்றுக்காரர்:
அந்தப் பாதி சோம்பலால் போனது என்று யார் சொன்னார்கள்? எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காததால்தான் வலிமை விரயமானது என்பதே ரிங்கல்மான் முதன்மையாகச் சொன்ன காரணம். சேர்ந்து இழுக்கப் பழக்காமல் பிள்ளைகளைப் பழிப்பது ஆசிரியருக்கு அழகல்ல; விடுதி உணவு விவாதத்திலும் தாங்கள் அதைத்தான் செய்தீர்கள்.

வெண்ணாற்றங்கரை:
விடுதிச் சோற்றை இங்கே கொண்டுவர வேண்டாம். 1974இல் இங்கம் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஒருவரின் கண்ணைக் கட்டி, பின்னால் ஆட்கள் இழுப்பதாக நம்பவைத்துத் தனியே இழுக்க வைத்தபோதும் அவருடைய இழுப்பு குறைந்தது. கூட இழுக்க ஆளே இல்லாத இடத்தில் யாரோடு சேராமல் போனார்?

குடமுருட்டி:
ஆழித்தேரைப் பின்னாலிருந்து புல்டோசர் தள்ளுவதை நீங்கள் இருவருமே பார்த்ததில்லை போலும்.

அரசலாற்றுக்காரர்:
தேரோடும் வீதியில் பிறந்தவனுக்குத் தேரைப் பற்றிப் பாடம் வேண்டாம். என் பாட்டனார் வடம் பிடித்த நாளில் புல்டோசர் இல்லை.

வெண்ணாற்றங்கரை:
புல்டோசரை விடுங்கள், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவரைப் பாருங்கள். தேர் திசை தப்பினால் எந்தக் கை போட்ட கட்டை என்பது வீதிக்கே தெரியும். ஆகவே அங்கே எவரும் சும்மா நிற்பதில்லை. அதனால்தான் இவ்வாண்டு வேலையைப் பிரித்துக் கொடுத்து, வாரந்தோறும் அவரவர் செய்ததை அவரவர் கையெழுத்தில் எழுதவைத்து, முடிவில் தனித்தனியே கேள்வி கேட்கிறேன். பாதி மதிப்பெண் குழுவுக்கு, பாதி ஆளுக்கு.

அரசலாற்றுக்காரர்:
அந்த நோட்டை வீட்டில் அண்ணன் எழுதித் தருவான். ரிங்கல்மானின் பாதி சேர்ந்து இழுக்காததால் போன பாதி என்பதை மீண்டும் சொல்கிறேன்.

வெண்ணாற்றங்கரை:
கண் கட்டப்பட்டவரைப் பற்றிய கேள்விக்குப் பதில் வரவில்லை. அந்த மாணவியின் நோட்டு என் மேசைமேல் இருக்கிறது. பதினேழாம் நாள் பக்கம் மழையில் நனைந்து மை கரைந்திருக்க, பக்கத்திலேயே பென்சிலால் மறுபடி குறித்திருக்கிறாள். இதற்கும் மற்ற மூவருக்கும் ஒரே மதிப்பெண்ணா, ஐயா?

அரசலாற்றுக்காரர்:
மற்ற மூவரையும் மதகடிக்கு அழைத்துப் போகாதது யார் குற்றம், அம்மா?