முன் ஹோல்ல வைஃபை பறக்குது, மேல ரூம்ல ஒண்டும் இல்ல – என்ன செய்யலாம்?

கல்லடிப் பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட வீடு கல்லடியில, கீழ பழைய வீடு, மேல பிளேட் (கொங்கிரீட் தளம்) போட்டு மாடி எடுத்திருக்கு, வளவுக்குள்ள பின்னால அக்காட வீடு. ஃபைபர் கனெக்‌ஷன்தான், ரவுட்டர முன் ஹோல்ல டிவிக்குப் பின்னால பூட்டிட்டுப் போயிட்டாங்க. ஹோல்ல எல்லாம் நல்லா ஓடுது, குசினிக்குப் போனா ஒரு கோடுதான், மேல தம்பி ஏஎல் சூம் கிளாஸ் கேக்கக்குள்ள சேர்ர குரல் வெட்டி வெட்டி வருது, கடைசியில அவன் மாடிப்படியில குந்திக்கிட்டு கொப்பிய மடியில வச்சு எழுதுறான், பாக்கவே கஷ்டமா இருக்கு. கடையில ரிப்பீட்டர் (வைஃபை சிக்னல வாங்கித் திருப்பி அனுப்புற பெட்டி) வாங்கச் சொல்றாங்க, வாங்கலாமா?

வாவிக்கரை:
தங்கச்சி, காசு குடுக்க முதல் ரவுட்டருக்குப் பக்கத்தில நிண்டு ஒரு ஸ்பீட் டெஸ்ட் போடுங்க, மறுகா மேல போய் ஒண்டு. பக்கத்திலயே ஸ்லோ எண்டா லைன் கோளாறு, கம்பனிக்குத்தான் சொல்லணும். மேல மட்டும் விழுந்தா வைஃபை பிரச்சினை. முதல்ல ரவுட்டர டிவிக்குப் பின்னால இருந்து எடுத்து உயரத்தில, படிப்பக்கமா வைக்கப் பாருங்க. இரும்பு அலுமாரி, நிலைக்கண்ணாடி, தண்ணி டாங்கி எல்லாம் சிக்னல மறிக்கும், பிளேட்டுக்குள்ள கம்பியும் கிடக்கு. ஃபைபர் வயர மட்டும் நீங்களா மடக்கிடாதீங்க, உள்ளுக்க இருக்கிறது கண்ணாடி இழை, முறிஞ்சிரும்.

காத்தான்குடி நானா:
சாதாரண ரிப்பீட்டர் ஒரே சேனல்ல வாங்கி அதிலயே திருப்பி அனுப்புறதால ஸ்பீட் பாதி அளவுக்குக் குறையும், சிக்னல் இல்லாத ரூம்லயே வச்சா அதுவும் இல்ல. நான் சொல்றது, கீழ ரவுட்டர்ல இருந்து மேலுக்கு ஒரு கேட் 6 வயர் (நெட்வேர்க் வயர்) இழுங்க, 100 மீட்டர் மட்டும் தாங்கும், வீட்டுக்குத் தாராளம். மேல பழைய ரவுட்டர் ஒண்ட ஆக்சஸ் பொயின்ட்டா, அதாவது வயரால வாற நெட்ட வைஃபையா குடுக்கிற பெட்டியா போடுங்க. அந்த மோட் இல்லாட்டி அதில டிஎச்சிபிய (ஃபோன், லேப்டொப்புக்கு ஐபி நம்பர் குடுக்கிற வேலைய) நிப்பாட்டி, அந்த ரவுட்டர்ட ஐபிய (நெட்வேர்க் முகவரிய) கீழ உள்ளதோட முட்டாம மாத்தி, வயர வான் போர்ட்ல (இன்டர்நெட் உள்ள வாற ஓட்டை) இல்லாம லான் போர்ட்ல (வீட்டுச் சாமான் பூட்டுற ஓட்டை) குத்துங்க. இத செய்யாம விட்டாத்தான் ஒரு நேரம் வேலை செய்யும், ஒரு நேரம் செய்யாது. பேரும் பாஸ்வேர்டும் ரெண்டிலயும் ஒண்டா இருக்கட்டும். 2.4 ஜிகாஹேர்ட்ஸ் வைஃபைல கீழ சேனல் 1, மேல 6 இல்லாட்டி 11. தம்பி அதே ரூம்ல இருந்து படிக்கிறதால அவர்ர லேப்டொப்ப 5 ஜிகாஹேர்ட்ஸ்ல போடுங்க, அது சுவர் தாண்டினா கூடக் குறையும், ஆனா கிட்ட நல்ல வேகம்.

கல்லடிப் பிள்ளை:
நல்லா விளங்கிச்சு நானா, பழைய ரவுட்டர் ஒண்டு வீட்டில சும்மாதான் கிடக்கு. அக்காட வீட்டுக்கும் இப்பிடியே இழுக்கலாமா? வயர் முற்றத்தால போகணும்.

காத்தான்குடி நானா:
இழுக்கலாம், ஆனா வெளியில போடுற கறுப்பு வயரா கேட்டு வாங்குங்க, வீட்டுக்குள்ள போடுறது வெயிலுக்கு வெடிச்சிரும். பிவிசி பைப்புக்குள்ள விட்டு, கரண்ட் வயரோட சேக்காம கொண்டுபோங்க. மாரி தொடங்கி இடி முழங்கினா பிளக்க மட்டும் இல்ல, அந்த நெட்வேர்க் வயரயும் ரெண்டு பக்கத்தாலயும் கழட்டி விடுங்க, செம்பு வயரால மின்னல் வந்து ரெண்டு ரவுட்டரையும் சேத்து எடுத்திரும்.