சொந்த லாக் ஃபங்ஷனில் எடை மட்டும் 0 வருகிறது, கம்பைலர் ஏன் வாயே திறக்கவில்லை?

மல்லி_கோடு

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் சில கடைகளுக்கு எடைத் தராசோடு சேர்ந்த பில் மெஷின் செய்து கொடுக்கிறோம். உள்ளே 32 பிட் ஆர்ம் சிப், கோடு முழுக்க சி மொழி, அதைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் ஜிசிசி. போனிலிருந்து அடிப்பதால் கோடையும் தமிழ் எழுத்திலேயே போட்டுவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லாக் (நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவு) எழுத நானே ஒரு ஃபங்ஷன் வைத்திருக்கிறேன்: பதிவு(நிலை, ஃபார்மட், ...). உள்ளே, பிரிண்ட்எஃப் மாதிரியே அச்சிடும் விபிரிண்ட்எஃப்தான். கூப்பிடுவது இப்படி (%டி என்பது ஒரு முழு எண் வரும் இடம்):

பதிவு(தகவல், "%டி %டி", நேரம், கிராம்);

2038 ஜனவரி 19-ல் 32 பிட் நேரம் நிரம்பிவிடும், இப்போதே மாற்றிவிடு என்று சீனியர் சொன்னதால் நேரத்தை 64 பிட் ஆக்கினேன். அதற்கு முன்பு எந்தத் தொல்லையும் இல்லை. முந்தாநாள் ஒரு கடையில் கணக்குத் தகராறு, லாகை எடுத்துக் காட்டச் சொன்னார்கள், பார்த்தால் 3 கிலோ மல்லிக்கும் 0, கால் கிலோ பிச்சிக்கும் 0. நேரம் மட்டும் அச்சு அசலாகச் சரி. கடைக்கார அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அதே கோடை 64 பிட் உபுண்டு லேப்டாப்பில் ஓட்டினால் இரண்டுமே சரியாக வருகிறது!

எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் டபிள்யூ-ஆல் போட்டுத்தான் கம்பைல் செய்கிறேன். இதே வரியை நேரடியாக பிரிண்ட்எஃப் என்று மாற்றினால் உடனே எச்சரிக்கை வருகிறது. என் ஃபங்ஷனுக்கு மட்டும் ஏன் இல்லை?

வைகைக்கரை

தம்பி, பிரிண்ட்எஃப் என்பது சி மொழியின் ஸ்டாண்டர்டில் உள்ள பெயர், அதனால் அதன் ஃபார்மட் எப்படி இருக்கும் என்று ஜிசிசிக்கு முன்கூட்டியே தெரியும். உங்கள் "பதிவு" யாரோ வைத்த பெயர். மூன்று புள்ளி போட்டுவிட்டால் அதற்குப் பிறகு எது வேண்டுமானாலும் வரலாம் என்று கம்பைலர் விட்டுவிடும். இரண்டாவது இடத்தில் இருப்பது வெறும் எழுத்துத் தொடர் இல்லை, ஃபார்மட் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஹெடர் ஃபைலில் அறிவிப்பின் கடைசியில் இதைச் சேருங்கள்:

__அட்ரிபியூட்__((ஃபார்மட்(பிரிண்ட்எஃப், 2, 3)))

2 என்பது ஃபார்மட் எத்தனையாவது, 3 என்பது சோதிக்க வேண்டியவை எங்கே தொடங்குகின்றன என்பது. 1-லிருந்து எண்ண வேண்டும். விஏ-லிஸ்ட் (மூன்று புள்ளியில் வந்தவற்றின் பட்டியல்) வாங்கும் ஃபங்ஷன் தனியாக இருந்தால் அதற்கு 3-க்குப் பதில் 0. சி++ மெம்பர் ஃபங்ஷன் என்றால் கண்ணுக்குத் தெரியாத திஸ்-ஐயும் ஒன்றாக எண்ண வேண்டும், இதில் ஏமாறாத ஆளே கிடையாது. கிளாங் என்ற இன்னொரு கம்பைலரும் இதை அப்படியே புரிந்துகொள்ளும். லினக்ஸ் கெர்னலில்கூட இதையே சுருக்கி ஒரு மேக்ரோவாக வைத்திருக்கிறார்கள்.

இப்போது அந்த 0 எங்கிருந்து வந்தது என்பதுதான் ருசியான விஷயம். உங்கள் சிப்பில் ஃபங்ஷனுக்குக் கொடுப்பதில் முதல் நான்கு 32 பிட் துண்டுகள் ஆர்0 முதல் ஆர்3 வரையிலான ரிஜிஸ்டர்களில் (சிப்புக்குள் இருக்கும் சின்னப் பெட்டிகள்) போகும். நிலை ஆர்0-வில், ஃபார்மட் ஆர்1-ல். 64 பிட் நேரத்துக்கு இரண்டு ரிஜிஸ்டர் வேண்டும், ஆர்2-வில் கீழ்ப்பாதி, ஆர்3-ல் மேல்பாதி. கிராம் பாவம், இடமில்லாமல் ஸ்டாக் என்ற நினைவகப் பகுதிக்குப் போய்விட்டது. முதல் %டி ஆர்2-வை எடுக்கும், அது நேரத்தின் கீழ்ப்பாதி, அதனால் பார்க்கச் சரியாக இருக்கிறது. இரண்டாவது %டி ஆர்3-ஐ எடுக்கும். அங்கே இருப்பது நேரத்தின் மேல்பாதி, 2106 வரைக்கும் அது 0-தான். உங்கள் மல்லியை யாரும் எடை போடவே இல்லை, ஸ்டாக்கில் தேமே என்று உட்கார்ந்திருக்கிறது.

லேப்டாப்பில் ஒவ்வொன்றுக்கும் 64 பிட் ரிஜிஸ்டர் தனித்தனியாகக் கிடைப்பதால் தப்பித்துக்கொண்டது. லேப்டாப்பில் ஓடுகிறது என்பதை ஆதாரமாகக் காட்டாதீர்கள் என்று எத்தனை பேருக்குத்தான் சொல்வது.

திருநகர்_எம்பெடட்

மேலே அண்ணன் சொன்னது சரி. கூடவே, எச்சரிக்கை வந்ததும் அவசரத்தில் %எல்டி என்று மாற்றிவிடாதீர்கள். இன்ட்64_டி என்ற 64 பிட் எண் வகை 64 பிட் லினக்ஸில் லாங், உங்கள் சிப்பில் லாங் லாங். இங்கே வாயை அடைத்தால் அங்கே கத்தும். இன்ட்டைப்ஸ் ஹெடரில் உள்ள பிஆர்ஐ-டி-64 மேக்ரோவைப் போடுங்கள், இல்லாவிட்டால் லாங் லாங் ஆக காஸ்ட் செய்து (வகையை மாற்றி) %எல்எல்டி. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், அந்த மேக்ரோவை நடுவில் செருகினால் ஃபார்மட் கந்தல் துணி மாதிரி ஆகிவிடுகிறது.

மல்லி_கோடு

அட்ரிபியூட் போட்டதும் ஒரே மழை! 11 எச்சரிக்கை. அதில் ஒன்று, எழுத்துத் தொடர் வர வேண்டிய %எஸ்-க்கு பூ வகையின் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். கனகாம்பரம் விற்கும் நாளில் மெஷின் ஏன் தொங்கியது என்று ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தோம்!

ஆனால் அண்ணே, காஸ்ட் செய்து %எல்எல்டி போட்ட இடத்தில் மெஷினில் எண்ணுக்குப் பதிலாக எல், டி என்ற இரண்டு எழுத்துதான் வருகிறது. கம்பைலர் இப்போது சத்தமே போடவில்லை.

திருநகர்_எம்பெடட்

அடடா, நியூலிப் என்ற சி லைப்ரரியின் சின்ன வடிவமான நானோவை வைத்திருக்கிறீர்களா? இடத்தை மிச்சப்படுத்த அதில் லாங் லாங் அச்சிடும் பகுதியையே எடுத்துவிட்டார்கள். கம்பைலர் ஸ்டாண்டர்டை வைத்துத்தான் சோதிக்கிறது, கடைசியில் லிங்க் ஆகும் லைப்ரரியால் அது முடியுமா என்று பார்ப்பதில்லை. புள்ளி எண் கதையும் அதுதான், %எஃப்-க்கு நானோவில் லிங்கரிடம் தனியாகக் கேட்க வேண்டும். நீங்கள் கிராமில் முழு எண்ணாக வைத்திருப்பதால் பிழைத்தீர்கள். முழு நியூலிப் உங்கள் ஃபிளாஷில் அடங்காது என்றால், லாகுக்கு மட்டும் நேரத்தை அன்சைன்ட் லாங் ஆக காஸ்ட் செய்து %எல்யூ போடுங்கள். 2106-ல் அந்தத் தராசு இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய_சி_ஆள்

ஒன்று கேட்கிறேன், பில்லில் கடைக்காரர் அடிக்கும் குறிப்பை எப்படி அச்சிடுகிறீர்கள்? பிரிண்ட்எஃப்(குறிப்பு) என்றா? ஒருவர் ஆங்கிலத்தில் "10% டிஸ்கவுண்ட்" என்று அடித்தால், % குறியும் இடைவெளியும் அடுத்துள்ள டி எழுத்தும் சேர்ந்து செல்லுபடியாகும் ஃபார்மட். டி-யை விழுங்கிவிட்டு அங்கே ஏதோ ஒரு எண்ணை அச்சிடும். %என் என்று வந்தால் இன்னும் மோசம், நினைவகத்தில் எழுதவே செய்யும். 2000-ல் டபிள்யூயூ-எஃப்டிபி என்ற ஃபைல் அனுப்பும் சர்வரை இந்த வழியில்தான் உடைத்தார்கள். ஃபார்மட்-செக்யூரிட்டி எச்சரிக்கையையும் போடுங்கள். உபுண்டு தரும் ஜிசிசியில் அது தானாகவே இருக்கும், சிப்புக்கான கிராஸ் கம்பைலரில் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். ஃபார்மட் தவறை எச்சரிக்கையாக விடாமல் எரராகவே மாற்றிவிடுங்கள், எச்சரிக்கையை எவன் படிக்கிறான்.

மல்லி_கோடு

ஐயா, இப்போதுதான் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது. "%எஸ்" போட்டு மாற்றிவிட்டேன். இன்னொரு சந்தேகம்: தமிழ் பில், ஆங்கில பில் இரண்டுக்கும் ஃபார்மட்களை ஒரு அட்டவணையில் வைத்து எடுக்கிறேன். அங்கே சோதனை நடக்குமா?

பழைய_சி_ஆள்

நடக்காது. ஃபார்மட் கண்ணுக்கு நேராக இருந்தால்தான் கம்பைலர் படிக்கும், ஓடும்போது அட்டவணையிலிருந்து வந்தால் அதற்கு என்ன தெரியும். ஃபார்மட்-நான்லிட்டரல் போட்டால் "இதை என்னால் சோதிக்க முடியவில்லை" என்றாவது சொல்லும். கம்ப்யூட்டர் புரோகிராம் என்றால் கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவியைப் பயன்படுத்தலாம், அதில் எம்எஸ்ஜிஎஃப்எம்டி என்ற கட்டளைக்கு -சி கொடுத்தால் மொழிபெயர்ப்பையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். தமிழில் பூப்பெயர் முன்னால், எடை பின்னால் வரும், ஆங்கிலத்தில் தலைகீழ். வரிசையை மாற்றி எழுதினீர்களோ, %எஸ்-க்கு எடை போய்ச் சேரும். அங்கே எப்படி வைத்திருக்கிறீர்கள்?

மல்லி_கோடு

மாற்றித்தான் வைத்திருக்கிறேன் ஐயா. கடைக்குக் கிளம்புகிறேன்.