ஜெபம் பண்றேன், ஆனா ஆசை வரல. என்ன பண்ணலாம்?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பிரச்சனை இதான், பைபிள் வாசிக்கிறேன் ஜெபம் பண்றேன் ஆராதனைக்கும் தவறாம போறேன், ஆனா ஆண்டவர் மேல இருந்த அந்த ஆசை போன லெந்து காலத்துக்கு (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) அப்புறம் மெல்ல மெல்ல வறண்டு போச்சு. விசுவாசத்துல சந்தேகம்லாம் இல்ல. முழங்கால் போட்டா கொஞ்ச நேரத்துல விண்ணப்ப லிஸ்ட் முடிஞ்சிரும், அப்புறம் கண்ணு கடிகாரத்துக்குத்தான் போகுது.

ஒரு வருஷ பைபிள் வாசிப்பு பிளான் எடுத்தேன், பலி, சட்டம்னு போற லேவியராகமம் வந்ததும் ஆப்ல டிக் அடிக்கிறதுக்காகவே ஓட ஆரம்பிச்சிட்டேன். உபவாசம் இருந்தா பசி மட்டும்தான் ஞாபகம் இருக்கு. நன்றி எழுதுற நோட்டுல இப்போ ஒரே வரி திரும்பத் திரும்ப வருது. கத்தோலிக்க புனிதர் இக்னேஷியஸ் லொயோலா சொல்லிக்குடுத்த மாதிரி ராத்திரி அன்னைக்கு நடந்ததை ஆண்டவரோட உக்காந்து திரும்பிப் பாக்குறது மட்டும் கொஞ்சம் ஒட்டுச்சு (எங்க சபைல கத்தோலிக்க பழக்கம்னு முகம் சுளிக்கிறாங்க, எனக்கு அதுல ஒண்ணும் இல்ல). இப்போ சங்கீதம் 42 மட்டும் தினமும் சத்தமா, மெதுவா வாசிக்கிறேன், "என் ஆத்துமா உம்மை வாஞ்சித்துக் கதறுகிறது"ங்கிற இடத்துல நின்னுடறேன், எனக்கு அப்படி இல்லையேன்னு.

ஆதியில இருந்த அன்பை விட்டுட்டன்னு சொல்ற வெளிப்படுத்தல் 2:4 வசனத்தை ஏற்கனவே நிறைய பேர் அனுப்பிட்டாங்க, அது வேண்டாம். எனக்குக் கிடைக்கிறது எல்லாரும் தூங்கினப்புறம் ஒரு அரை மணி நேரம்தான்.

இந்த வறட்சியைத் தாண்டி வந்தவங்க சொல்லுங்க, அந்த அரை மணி நேரத்துல எந்த ஒரு பழக்கம் உங்களுக்கு அந்த அன்பைத் திரும்பக் கொண்டு வந்துச்சு?