அம்மாவின் வாக்கரும் அண்ணன் வாங்கப்போகும் வண்டியும்

ஆத்தூர் வீடு (குடும்பக் குழு)
சனிக்கிழமை

அண்ணன், மாலை 6:40
இன்று நான், அவள், அம்மா மூவரும் இங்கே பெங்களூரில் இரண்டு கார் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தோம். மாருதியின் புது டிசையர், ஹோண்டாவின் புது அமேஸ். இரண்டுமே 3,995 மில்லிமீட்டர் நீளம். மாமா, கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

சேலம் பெரியப்பா, 6:44
அந்தக் காசுக்கு உயரமான வண்டியாக எடுப்பா. பெங்களூர் ரோட்டில் தாழ்ந்த வண்டி சரிப்படாது.

அண்ணி, 6:47
பெரியப்பா, அம்மாவுக்கு உயரமான வண்டியில் காலைத் தூக்கி ஏற முடியவில்லை. போன வாரம் பக்கத்து வீட்டு வண்டியில் ஏற்றிப் பார்த்தோம், மிகவும் சிரமப்பட்டார். தாழ்ந்த கார்தான் சரி.

அம்மா, 6:50
ஏறுவது சுலபம். இறங்கும்போதுதான் முட்டி பிடிக்கிறது. ஒரு வண்டியில் கதவுக்கு மேல் கைப்பிடி வாகாக இருந்தது, எது என்று மறந்துவிட்டேன்.

ஓசூர் மாமா, 6:58
அக்கா சொல்வதுதான் முதல் பரீட்சை. மாப்பிள்ளை, டிக்கியை அளந்தாயா?

அண்ணன், 7:01
காகிதத்தில் டிசையர் 382 லிட்டர், அமேஸ் 416 லிட்டர். மைலேஜ் ஆட்டோமேட்டிக்கில் டிசையர் 25.71, அமேஸ் 19.46. அதனால் டிசையர் பக்கம்தான் மனம் சாய்கிறது.

ஓசூர் மாமா, 7:10
அந்த மைலேஜ் ஆய்வுக்கூடத்தில் உருளைமேல் ஓட்டி எடுத்த கணக்கு. பெங்களூர் சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் முதல் கியரில் நகரும்போது அது உனக்குக் கிடைக்காது. இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதிலும் கொஞ்சம் இறங்கும். சும்மா ஒரு கணக்குப் போடுவோம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறாய். ஒன்று ஊருக்குள் 17 கொடுக்கிறது, இன்னொன்று 14 என்று வை. 59 லிட்டர், 71 லிட்டர். வித்தியாசம் 12 லிட்டர், அதாவது 1,200 ரூபாய்க்குச் சற்று மேலே. அந்தக் காசு சின்னதில்லை. ஆனால் தினமும் வண்டியை ஓட்டப்போவது யார்?

அண்ணி, 7:13
நான்தான் மாமா. எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போக வர.

ஓசூர் மாமா, 7:20
அப்படியென்றால் கண்ணு, உன் கால்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். டிசையரில் இருப்பது ஏ.எம்.டி. சாதாரண கியர்பெட்டிதான், கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் மட்டும் கருவி செய்கிறது. அதனால் ஒவ்வொரு கியருக்கும் வண்டி ஒரு கணம் தயங்கும். அமேஸில் இருப்பது சி.வி.டி. அதில் பெல்ட் வழுக்கினாற்போல் போகும், தயக்கமே தெரியாது. ஊர்ந்து போகும் நெரிசலில் சி.வி.டி. எனக்குப் பிடிக்கும். நெடுஞ்சாலையில் முந்தும்போது ஏ.எம்.டி.யைக் கையால் ஒரு கியர் இறக்கிக்கொண்டால் போதும், நன்றாகவே இழுக்கும்.

நான், 7:24
அண்ணா, ஒன்று சொல்கிறேன், என் அனுபவம். எங்கள் பழைய வண்டியில் ஐந்து பேரும் ஏறி, டிக்கி நிறைய சாமான் போட்டு, வீட்டுத் தெரு வேகத்தடையில் ஏறினோம். அடியில் தட்டி, என்ஜின் எண்ணெய் நிற்கும் ஆயில் சம்ப் விரிசல் விட்டுவிட்டது. தனியாக ஓட்டும்போது அதே இடத்தில் ஒருநாளும் தட்டியதில்லை. ஷோரூமில் விற்பவரும் நீயும் மட்டும் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தால் எதுவும் தெரியாது. காலி வண்டியில் டிசையர் தரையிலிருந்து 163 மில்லிமீட்டர், அமேஸ் 172. அந்த 9 மில்லிமீட்டரை விட, நீங்கள் எல்லோரும் ஏறியதும் பின்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்பதுதான் முக்கியம். அம்மா, பிள்ளைகள், சூட்கேஸ் எல்லாவற்றோடும் போய்ப் பாருங்கள்.

சேலம் பெரியப்பா, 7:29
சரி, அது நியாயம். ஆனால் பாதுகாப்பு? சின்ன வண்டி என்றாலே எனக்குப் பயம்.

அண்ணன், 7:32
டிசையருக்கு 2024-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம், குழந்தைகளுக்கு 4. முந்தைய தலைமுறைக்கு 2-தான் கிடைத்தது பெரியப்பா. இரண்டு வண்டியிலும் ஆறு ஏர்பேக், எல்லா மாடலிலும்.

ஓசூர் மாமா, 7:41
தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாயை மறந்துவிடாதீர்கள். பெங்களூரிலிருந்து ஆத்தூருக்கு எப்படியும் அந்த வழிதானே. போகும்போது இறக்கம். அங்கே லாரிகள் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். ஆட்டோமேட்டிக்கை டி-யில் (டிரைவ்) போட்டுவிட்டுப் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கக் கூடாது. ஏ.எம்.டி. என்றால் மேனுவலுக்கு மாற்றி மூன்றில், கூட்டம் என்றால் இரண்டில். சி.வி.டி. என்றால் அதில் உள்ள குறைந்த கியர் முறையில். என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். திரும்பி வரும்போது ஏற்றம். ஐந்து பேர், ஏசி, அரிசி மூட்டை. டிசையர் மூன்று சிலிண்டர், அமேஸ் நான்கு, இரண்டுமே 1.2 லிட்டர்தான். எந்த வண்டியானாலும் கியரை இறக்கி, சத்தம் கேட்கட்டும் என்று ஏற்ற வேண்டும். டாப் கியரில் திணறவிடாதே.

ஓசூர் மாமா, 7:43
கிளம்பும் முன் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்து, முழுப் பாரத்துக்குச் சொன்ன அளவுக்கு டயரில் காற்று பிடி. நிறையப் பேர் செய்வதே இல்லை.

அண்ணன், 7:47
சிஎன்ஜி எரிவாயு வண்டி எடுத்தால் இன்னும் மிச்சமாகுமே மாமா?

நான், 7:49
டிசையர் சிஎன்ஜியில் சிலிண்டர் டிக்கியில் உட்கார்ந்துகொள்ளும். அம்மா பிடித்து நடக்கும் வாக்கர் எங்கே போகும்? ஆட்டோமேட்டிக்கும் அதில் கிடையாது.

அண்ணன், 7:50
ஆமாம், அது வேண்டாம்.

சேலம் பெரியப்பா, 7:55
ஓசூரில் பதிந்துவிட்டால் வரி குறையும் என்கிறார்களே?

ஓசூர் மாமா, 8:02
வேண்டாம். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும், வரியும் கட்ட வேண்டும். பெங்களூரில் வாழ்கிறவன் பெங்களூரிலேயே பதி. வேறு வகையில் உனக்கு நல்ல நேரம். 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்குள் 1,200 சிசிக்குள் உள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 29. இந்த வண்டிகள் எல்லாம் 4 மீட்டருக்குள் பின்பக்கத்தைக் கச்சிதமாக வெட்டி நிறுத்துவதே அந்த வரிச் சலுகைக்காகத்தான்.

நான், 8:06
அண்ணா, காப்பீட்டை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. எனக்கு அப்படிச் சொன்னார்கள். வெளியே விலை கேட்டு, எது குறைவோ அதை எடு.

அண்ணி, 8:15
நாளை காலை பத்து மணிக்கு அமேஸ் மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டு மணிக்கு டிசையர். எல்லோரும் ஏறி, ஓசூர் ரோட்டில் ஒரு சுற்று, நம் தெரு வேகத்தடையில் ஒரு சுற்று. எனக்கு எது கையில் படிகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

ஓசூர் மாமா, 8:17
அதுதான் சரி கண்ணு. நானும் ஒன்பதரைக்கெல்லாம் வந்துவிடுகிறேன். இரண்டு சூட்கேஸையும் காலியாக எடுத்து வராதீர்கள், துணி அடைத்துக் கொண்டுவாருங்கள்.

அம்மா, 8:21
என் வாக்கரையும் எடுத்து வையுங்கள். அந்தக் கைப்பிடி எந்த வண்டியில் என்று நாளைக்கு நானே பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.