விர்ச்சுவல்பாக்ஸில் பச்சை ஆமை போகவே மாட்டேன் என்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. விண்டோஸ் 11 ஹோம், 16 ஜிபி ரேம் உள்ள லேப்டாப். கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை இயக்க உதவும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளைப் போட்டு, அதில் உபுண்டு 24.04 என்ற லினக்ஸை வைத்திருக்கிறோம். மகளுக்கு லினக்ஸ் பிராக்டிகல் நெருங்குகிறது, அதனால்தான் இந்த அவசரம்.

உபுண்டு திறக்கிறது, ஆனால் நகர மறுக்கிறது. டெர்மினலில் ஒரு வார்த்தை அடித்தால் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தாமதித்து வந்து விழுகின்றன. ரேமை 6 ஜிபி ஆக்கி, நான்கு கோர் கொடுத்து, உபுண்டுவுக்குள் நிறுவும் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸும் போட்டாயிற்று. ஒரு மாற்றமும் இல்லை. ஜன்னலின் கீழ் ஓரத்தில் பச்சை ஆமைப் படம் மட்டும் அப்படியே நிற்கிறது. கணினிக்குள் கணினி இயக்க பிராசசரில் இருக்கும் விர்ச்சுவலைசேஷன் வசதியை, விண்டோஸின் சொந்த ஹைப்பர்வைசர் (அதே வேலையைச் செய்யும் அடித்தள மென்பொருள்) பிடித்து வைத்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்பில்) விர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகத்தான் இருக்கிறது. டாஸ்க் மேனேஜரிலும் பார்த்துவிட்டேன். விண்டோஸ் ஃபீச்சர்ஸில் விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் இரண்டையும் எடுத்தேன். மெமரி இன்டெக்ரிட்டி என்ற விண்டோஸ் பாதுகாப்பு வசதியை அணைத்தேன். விண்டோஸ் தொடங்கும் விதத்தை மாற்றும் பிசிடிஎடிட் கட்டளையில் ஹைப்பர்வைசர் லாஞ்ச் டைப்பையும் ஆஃப் செய்து, முழுதாக ஷட் டவுன் பண்ணித்தான் திறந்தேன். அப்படியும் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் 'விர்ச்சுவலைசேஷன் பேஸ்டு செக்யூரிட்டி' (ஹைப்பர்வைசரைப் பயன்படுத்தும் விண்டோஸ் பாதுகாப்பு அம்சம்) என்ற வரிக்கு நேரே 'ரன்னிங்' என்றே வருகிறது.

இதற்கு யுஇஎஃப்ஐ லாக் (இந்தப் பாதுகாப்பு அமைப்பை எளிதில் அணைக்க முடியாதபடி பயாஸ் மட்டத்தில் போடும் பூட்டு) காரணமாக இருக்குமா? முகம், கைரேகை, பின் மூலம் உள்நுழையும் விண்டோஸ் ஹலோ அதைப் பிடித்து வைத்திருக்குமா? விண்டோஸ் அமைப்புகளைச் சேமிக்கும் ரிஜிஸ்ட்ரியில் கை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் எந்த இடம், பிறகு பழையபடி கொண்டுவருவது எப்படி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதுகாப்பு அம்சத்தை நிரந்தரமாக அணைத்து வைக்க எனக்கு மனமில்லை. இதே சிக்கலைத் தீர்த்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.